இலையில்லாமல் எரிந்த அடுப்பு

கோத்தகிரிக்குக் கீழே, நாலைந்து எஸ்டேட்டுகள் சேர்ந்து தங்கள் தொழிலாளர்களுக்காக நடத்திய ஒரு சிறிய மருத்துவமனையில் நான் வேலை பார்த்தேன். ஒரு டாக்டர், சில நர்ஸுகள், ஆய்வகத்தில் நான் ஒருவன். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து மலையேறியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் போகும்வரை அங்கே ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் பார்ப்பதுதான் ஆய்வகம். சீழிலும் சிறுநீரிலும் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டுபிடிக்கும் வேலையை அந்த ஊரில் தொடங்கியவன் நான்தான். அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வேலை பார்ப்பதற்கு எளிமையானது. புண்ணிலிருந்து சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்து, ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த கூழ்த் தட்டில் இழுக்க வேண்டும். தட்டை உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த சிறிய காகித வில்லைகளை மேலே வைத்தால், மறுநாள் பதில் கிடைத்துவிடும். கிருமியை அடக்குகிற மருந்தைச் சுற்றி எதுவும் வளராமல் வட்டமாக வெற்றிடம் விழும். கிருமி பழகிப்போன மருந்து என்றால், வில்லையின் ஓரம்வரை அது வளர்ந்து நிற்கும். எந்த ஊசியைப் போடுவது, எதைப் போட்டுப் பயனில்லை என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இதில் எல்லாம் அந்த உடம்புச் சூட்டைப் பொறுத்தது. அதற்கென்று இன்குபேட்டர் இருந்தது. தேயிலை விலை சரியத் தொடங்கிய காலத்தில் அது கருகிப்போனது.

அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை. சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாக வளர்ந்துகொண்டிருந்தன. எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். மருத்துவமனையை நடத்திய எஸ்டேட்டுகளின் கமிட்டி ஒவ்வொரு கூட்டத்திலும் எதை மூடலாம் என்றுதான் பேசியது. புது இன்குபேட்டர் கேட்டால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். அதனால் கேட்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் பேக்டரி இருந்தது. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்று வேண்டும். அதற்காகப் பின்பக்கம் தனியாக ஒரு அடுப்பறை கட்டி, இரவும் பகலும் விறகு எரிப்பார்கள். அந்த அறையின் வெளிச்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து மர அலமாரி ஒன்றை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கதவை எவ்வளவு திறந்து வைத்தால் உடம்புச் சூடு நிற்கும் என்பது சில நாளில் கைக்குப் பிடிபட்டுவிட்டது. தட்டுகளின் மூடியை டேப்பால் ஒட்டி, பிஸ்கட் டின்னில் அடைத்து, அலமாரிக்குப் பூட்டும் போட்டேன். தேயிலை இருக்கும் பக்கம் டின்னைக் கொண்டுபோகவே மாட்டேன் என்று பேக்டரிப் பொறுப்பாளருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். உணவுப் பொருள் செய்யும் இடத்தருகே அப்படி வைத்ததே தவறு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இன்குபேட்டர் இல்லாமலே ஆய்வகம் நடத்துகிறேன் என்று கமிட்டியில் சொன்னபோது ஒருவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

அந்தப் பொறுப்பாளரை டீமேக்கர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அன்னூர்ப் பக்கத்துக்காரர். காலையில் நான் டின்னோடு வேலியைத் தாண்டினால், அவர் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க சார், உங்க பயிர் மொளச்சுதுங்களா?"

"இன்னைக்குத்தான் விதைச்சிருக்கேன்."

"நல்லா வெளையட்டுமுங்க. எங்க பயிருக்குத்தான் வெலையில்ல. உங்களுதையாவது ஏலத்துல விட்டுப் பாக்கலாம்."

அடுப்புக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். சிலோனிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு திரும்பி வந்தவர். விறகைத் தூக்கிப் போடுகிற கையை நிறுத்தாமலே, "ஐயா கிருமிக்கு நாங்கதான் செவிலித்தாய்" என்பார்.

பிறகு பேக்டரி தினமும் ஓடுவது நின்றது. இலை வரும் நாளில் மட்டும் அடுப்பு எரிந்தது. இடையில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், சுவர் ஆறிக் கிடக்கும். அந்த நாட்களில் அலமாரிக்குள் தெர்மாமீட்டர் மார்கழிக் குளிரைத்தான் காட்டியது. அந்தக் குளிரில் கிருமி சாகாது. ஆனால் வளராது.

எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். முதலில், இன்னொரு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் தவணை சொன்னேன். அப்புறம் அவர் அவசரம் என்று கேட்டபோது, 'வளர்ச்சி இல்லை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தட்டில் வளரவில்லைதானே, அது பொய்யில்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அலமாரி ஆறிக் கிடந்ததை மட்டும் எழுதவில்லை. எழுதினால் ஆய்வகம் போய்விடும். நாற்பத்தைந்து வயதில் கோயம்புத்தூரில் அண்ணன் கடையில் போய் உட்கார வேண்டிவரும். ஊருக்கெல்லாம் நான் சொல்லித் திரிந்த பெருமையும் போகும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கவ்வாத்துக்காரர் வந்தார்.

தேயிலைச் செடியின் தலையை வளைந்த கத்தியால் வெட்டிச் சமன் செய்வதைக் கவ்வாத்து என்பார்கள். விலை இல்லாத வருடங்களில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓயவிடுவார்கள். அந்த வேலைதான் எஸ்டேட்டில் ஓரளவு மிச்சமிருந்தது. அவர் கத்தி வழுக்கிப் பாதத்தில் இறங்கிவிட்டது. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்த்திருக்கிறார். சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு எங்கள் மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது.

டாக்டர் என்னைவிட வயதில் சிறிய பெண்மணி, கோயம்புத்தூர்க்காரர். புதிதாக வந்திருந்த, விலை கூடிய ஒரு ஊசியைப் போடத் தொடங்கிவிட்டு, சீழை எனக்கு அனுப்பினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது கோல் கோலாகக் கிருமிகள் தெரிந்தன. தட்டில் எதுவும் வரவில்லை. அந்த நாட்களில் அடுப்பு எரியவே இல்லை. கண்ணால் பார்த்த கிருமி தட்டில் ஏன் வரவில்லை என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால் அவனுக்குச் சரியான பதிலைச் சொல்லியிருப்பேன். எனக்கு நான் சொல்லிக்கொண்ட பதில் வேறு: ஊசி வேலை செய்திருக்கிறது, நான் பார்த்தவை செத்த கிருமிகள். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் அந்தச் சீட்டை நம்பினார். நம்புவதற்குத்தானே ஆய்வகம். அதே ஊசி தொடர்ந்தது. வீக்கம் குறையவில்லை. சுண்டுவிரல் கறுத்தது. கிருமி அடங்கியும் கால் கறுக்கிறதென்றால் ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம் என்று அவர் முடிவு செய்தார். கோயம்புத்தூரில் தெரிந்த அறுவை மருத்துவருக்குப் போன் செய்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று பேசி முடித்து, மறுநாள் கீழே கொண்டுபோக ஜீப்புக்கும் சொல்லியாயிற்று.

மலையில் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு ஒரு கால் போனால் என்ன மிச்சம் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் இருப்பவருக்குத்தான் எஸ்டேட்டில் வீடு. வேலை போனால் லயமும் போய்விடும். லயம் என்பது சிலோனிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சொல், நாங்கள் லைன் வீடு என்போம்.

அன்று காலை சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க அவர் கட்டிலுக்குப் போனேன். நர்ஸ் புண்ணின் கட்டுத்துணியை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து டிரேயில் கிடந்த பழைய துணியில் சீழ் பச்சையாக, ஓரத்தில் சற்று நீலம் ஓடி இருந்தது. கூடவே ஒரு வாடை. அழுகல் வாடைக்கு உள்ளே இன்னொரு வாடை, கனிந்த திராட்சையை நசுக்கியது போல லேசான இனிப்பு. அதை நான் கல்லூரி நாள் முதல் தட்டுகளில் முகர்ந்தவன். அந்தப் பச்சையையும் அந்த வாடையையும் தருகிற கிருமி ஒன்றுதான். அது உயிரோடு பெருகும்போதுதான் அந்த வாடையைத் தரும். செத்த கிருமிக்கு அது வராது. அந்த விலை கூடிய ஊசிக்கு அது பெரும்பாலும் அடங்காது என்பதும் பாடத்தில் படித்ததுதான்.

"என்னாங்க ஐயா, மூஞ்சி இப்புடிப் போகுது? நாறுதா?" என்றார் அவர். "எம் பொஞ்சாதியே கிட்ட வர மாட்டேங்குறா."

நான் ரத்தம் எடுக்காமலே எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், கவ்வாத்துக்காரர் ரிப்போர்ட் செல்லாதுங்க."

"ஏன் சார், சாம்பிள் மாறிப்போச்சா?"

மாறிப்போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு நொடியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். "இல்லைங்க. பேக்டரி ஓடலை. அலமாரி ஆறிக் கிடந்துச்சு. தெரிஞ்சுதான் எழுதிக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"கட்டுத்துணி பச்சையா இருந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். "வாடையும் வந்துச்சு. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு என் மூக்கை நான் நம்பாம விட்டேன்."

"வேற மருந்து மாத்திப் பார்க்கலாங்களா?"

"எதை மாத்தறது? இந்தக் கிருமிக்குப் பாதி மருந்து பிடிக்காது. பழைய ஊசி இருக்கு. கிட்னியக் கெடுக்கும். இவருக்கு ஏற்கெனவே உப்பு ஏறிக் கிடக்கு. கேக்கும்னு தெரிஞ்சா துணிஞ்சு போடுவேன். தெரியாம போட்டு ரெண்டையும் கெடுக்கச் சொல்றீங்களா?" மேசை நாட்காட்டியை இழுத்துப் பார்த்தார். "நாளை மறுநாள் வரைக்கும் ஜீப்ப நிறுத்தறேன். அதுக்கு மேல வெச்சிருந்தா உயிருக்கு ஆபத்து. கோயம்புத்தூருக்கும் ஒரு சாம்பிள் பஸ்ல அனுப்பறேன். அது வரதுக்கு நாலஞ்சு நாளாகும். ஆனா உங்களை மட்டும் நம்பி இனி இருக்க மாட்டேன்."

"சரிங்க."

"திட்டறதுக்கு எனக்கு இப்ப நேரமில்லை சார். போங்க."

புதிதாகச் சீழ் எடுத்துத் தட்டில் இழுத்தேன். டின்னோடு வேலியைத் தாண்டினேன். பேக்டரி வாசற்படியில் டீமேக்கரும் வேலையில்லாத ஆட்களும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இலை வந்து மூன்று நாளாகியிருந்தது. புகைபோக்கியில் காக்கை உட்கார்ந்திருந்தது.

"வாங்க சார். விதைக்க வந்தீங்களா? நெலமே காஞ்சு கெடக்குதுங்க" என்றார் டீமேக்கர்.

"அடுப்பு பத்த வெக்கணுமுங்க. ரெண்டு நாளைக்கு."

"இலையே இல்லாமயா? ஏனுங்க, குளிருல புத்தி கெட்டுப்போச்சுங்களா? வெறகு ஒவ்வொண்ணுக்கும் ஆபீசுல பதில் சொல்லோணும்."

ஆட்கள் சிரித்தார்கள். அடுப்புக்காரரும் அங்கேதான் பீடியோடு உட்கார்ந்திருந்தார். அவர் தங்கையைத்தான் கவ்வாத்துக்காரர் கட்டியிருந்தார். என் அலமாரி எதற்கென்று அடுப்புக்காரருக்குத் தெரியும். அதற்குள் தன் மச்சான் கால் இருந்தது தெரியாது.

அவர் இருக்கும் இடத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. டீமேக்கரைத் தனியே கூப்பிடலாமா என்று பார்த்தேன். பிறகு நின்ற இடத்திலேயே சொன்னேன். அலமாரி ஆறியிருந்தது, தெரிந்தும் சீட்டு எழுதினேன், அதை நம்பித்தான் காலை எடுக்கப் போகிறார்கள், உடம்புச் சூடு கிடைத்தால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம். எல்லாம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வாரம் மறைத்தது அவ்வளவு சிறியது.

அடுப்புக்காரர் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார். எழுந்து என்னை நோக்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்; அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டி விறகுக் கொட்டகைக்குப் போனார்.

"மொதல்ல அடுப்பு பத்தட்டும்" என்றார் திரும்பாமல். "இவர அப்பறம் பாத்துக்கலாம்."

"அட இருப்பா, மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று டீமேக்கர் பதறினார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "டிரையர் ரிப்பேரு, ஓட்டிப் பாக்கறோம்னு சொல்லிக்கலாமுங்க" என்றார்.

"வேண்டாமுங்க. நடந்ததையே நான் சொல்லிடறேன்."

பேக்டரிப் போனில் மேனேஜரிடம் மறுபடி அதே நாலு வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் எளிதாக இருந்தது. அவர், "நாளைக்குக் காலைவரை எரியட்டும். அதுக்கு மேல முடியாது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் கிருமி வளர, இரண்டாவது நாள் மருந்து வில்லை வைக்க. பாதிதான் கிடைத்தது. இருந்தாலும் அடுப்பு பற்றியது. சுவர் மெல்லச் சூடேறியது. நான் அலமாரிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புச் சூட்டை அது தொட்டபோது, வீட்டில் யாரோ ஒருவரின் காய்ச்சல் இறங்கியது போல எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் மருத்துவமனைக்குத் திரும்பினேன். கவ்வாத்துக்காரர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் படுத்திருந்தார்.

"ஐயா, பேக்டரியில பொக வருது! வெல ஏறிருச்சா?"

"இல்லைங்க. உங்க காலுக்காக எரியுது."

"எங் காலுக்கா? நம்ம மேனேஜர் தொர எப்ப இருந்து இம்புட்டு நல்லவராயிட்டாரு?" என்று சிரித்தார்.

அவரிடமும் சொன்னேன். அது மூன்றாவது தடவை. இந்தத் தடவை எளிதாக இல்லை. சிரிப்பு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் புகையைப் பார்த்தது அவர் மட்டுமல்ல. நான் நினைத்தே பார்க்காதது அப்போதுதான் நடந்தது. சுற்றியிருந்த ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில் எல்லாம், அந்தப் புகையைப் பார்த்திருக்கிறார்கள். பேக்டரி இலை எடுக்கிறது என்று பேச்சு பரவிவிட்டது. வாரக்கணக்கில் பறிக்காமல் கிடந்த தோட்டங்களில் அவசர அவசரமாகப் பறித்து, சாயங்காலம் தலைச்சுமையும் ஜீப்பும் பிக்கப்புமாக வாசலில் வந்து நின்றார்கள். டீமேக்கர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"பாருங்க சார்! உங்க ரெண்டு தட்டுக்கு அடுப்பு பத்த வெச்சேன், ஊரே இலையோட வந்து நிக்குது. நான் என்னன்னு சொல்றது? உள்ளாற கிருமி வளக்கறோமுங்க, போயிட்டு நாளைக்கு வாங்கன்னா?"

வெள்ளைத் துணி போர்த்திய ஒரு படுகப் பாட்டி மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "புகை விட்டது நீங்க. நாங்க வந்துட்டோம். எடுத்துக்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், சாமி" என்றார்.

டீமேக்கர் மறுபடி மேனேஜருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். "எரியற அடுப்புதானுங்க... ஆமாங்க... பாதி நாள் ஓடற அளவுக்கு இலை இருக்குதுங்க... திருப்பி அனுப்பினா ரோட்டுல கொட்டீட்டுப் போயிருவாங்க..." என்று இழுத்துக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எடுக்கச் சொல்லீட்டாருங்க!"

இலையைப் பரப்பி வாடவிட ஒரு இரவு. மறுநாள் சுருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை அடுப்பு அணையாது; அணைந்தாலும் விடியும்வரை சுவர் சூட்டைத் தாங்கும். எனக்கு வேண்டியிருந்த இரண்டாவது நாள் அந்த இலை மூட்டைகளில் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் மத்தியானம் டின்னைத் திறந்தேன். தட்டு முழுக்கப் பச்சைப் பளபளப்பு. அந்தத் திராட்சை வாடை. வாழ்நாளில் ஒரு கிருமி வளர்ந்ததற்காக நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. அதைப் புதுத் தட்டில் பரப்பி, வில்லைகளை வைத்து, மறுபடி அலமாரியில் பூட்டினேன். அடுப்புக்காரர் எதிரே விறகு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. நான் பூட்டிவிட்டுத் திரும்பியதும் சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கட்டையைத் தூக்கி உள்ளே போட்டார்.

மறுநாள் காலை அந்தத் தட்டை மார்போடு அணைத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். ஜீப் வாசலில் நின்றது. டாக்டர் தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் இத்தனை நாள் போட்ட ஊசியின் வில்லையை ஒட்டி, ஓரம் வரை கிருமி வளர்ந்திருந்தது. அதன் அருகே இன்னும் இரண்டு வில்லைகளும் அப்படியே. பழைய ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி மட்டும், கட்டைவிரல் நகம் கொள்ளும் அளவுக்குச் சுத்தமான வட்டம்.

"இது உண்மைதானே?" என்றார் டாக்டர்.

"உண்மைங்க. சூடு ஒரு மணி நேரம்கூடக் குறையலை. நானே பார்த்தேன்."

அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே எட்டி, "வண்டிய ஷெட்டுல விடுங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.

நான் ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம்.

டாக்டர் புண்ணை ஆழமாகச் சுத்தம் செய்தார். கறுத்த சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. தினமும் உப்பைப் பார்த்துப் பார்த்து அந்த ஊசியைப் போட்டார். வீக்கம் முழங்காலிலிருந்து இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு வந்தது. பாதத்தில் சூடும் துடிப்பும் தெரிந்தன. ரத்தக் குழாய் அடைபட்டிருக்கவில்லை, வீக்கம்தான் அதை அமுக்கி வைத்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ரிப்போர்ட்டும் அதே கிருமியை, அதே மருந்தைத்தான் சொன்னது.

ஆனால் கவ்வாத்துக்காரர் ஒருவர் மட்டுமா? பேக்டரி நின்று நின்று ஓடிய வாரங்களில் நான் 'வளர்ச்சி இல்லை' என்று கொடுத்தவர்களை டாக்டரும் நானும் நினைவிலிருந்து பட்டியலாக எழுதினோம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனோம். சிறுநீர்க் கடுப்போடு வந்த பெண் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தார். காதில் சீழ் வந்த குழந்தை, எங்களைப் பார்த்ததும் ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிந்தது. ஒவ்வொரு வாசலிலும் நலமாக இருக்கும் ஒருவரைப் பார்க்கும்போது என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. ஒரு குடும்பத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டார்கள், எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. பிரசவக் காய்ச்சலோடு வந்த பெண் அவர். பிறகு திருப்பூர் போகும்போதெல்லாம் தேடினேன். இன்றுவரை தெரியாது. அது என்னோடு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

கமிட்டியில் நானே போய்ச் சொன்னேன். சீழ்ச் சோதனையை அங்கே நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சாம்பிள்களைப் பெட்டியில் அடைத்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது என் வேலை. சர்க்கரையும் உப்பும் பார்ப்பேன். நான் பயந்ததில் பாதிக்கு மேல் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு டீக்கடையில் நிற்கும்போது, எந்தத் தெர்மாமீட்டரையும் நினைக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

கவ்வாத்துக்காரர் வீட்டுக்குப் போகும் நாளில் அடுப்புக்காரர் வந்திருந்தார். நான் அவரிடம் போய் நின்றேன்.

"அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கட்டிலடியில் போர்வை, பாத்திரம், துணி எல்லாம் கட்டிய பெரிய மூட்டை இருந்தது. அதை எடுத்து என் தோளில் வைத்தார்.

"லயம் வரைக்கும் தூக்கிட்டு வாங்க" என்றார்.

லயம் மருத்துவமனைக்கு மேலே, செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நான் மூட்டையோடு பின்னால் ஏறினேன். கவ்வாத்துக்காரர் ஒரு கம்பை ஊன்றி, தன் இரண்டு காலில் முன்னால் ஏறினார். அன்று ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசியதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசியிருக்கவில்லை. பாதி வழியில் நின்றார்.

"ஐயா, ஒங்க டப்பாவுக்குக் குளுருதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா எங் கம்பளியக் குடுத்திருப்பேன்ல?"

எனக்கு மூச்சு வாங்கியது. நான் நின்றுவிட்டதைப் பார்த்து அவர் மேலே இருந்து கம்பை நீட்டிக் காட்டிச் சிரித்தார்.

"வெட்டச் சொன்னது எங் காலையா, ஒங்க காலையா? சீக்கிரம் வாங்க, அங்க சோறு ஆறிரும்."

நான் மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறினேன்.